வறண்ட மாதங்களிற் பல்லாண்டுப் புற்களைப் பேணுதல்

யூலை முதல் செப்தெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, நுவரெலியா, அட்டன் பக்கத்து மலைகளில் மழையைப் பொழிந்துவிட்டு, ராகலை, உடப்புசல்லாவைச் சரிவுகளில் உலர்காற்றாக இறங்குகின்றது. அக்காலத்திற் கோவாவும் லீக்சும் நீரின்றி வாடும். பாத்தி வரம்பிலுள்ள புல்லோ பச்சை குன்றாது நிற்கும். மாட்டுக்குத் தீனி தேடும் கமக்காரர் அரிவாளுடன் அப்புல்லை நாடுவது இயல்பே. ஆயினும், அப்போது அதனை எவ்வளவு உயரத்தில் வெட்டுகின்றோமோ, அதனைப் பொறுத்தே ஒக்ரோபரிலிருந்து வரும் பெருமழையில் உங்கள் மேல்மண் தங்குவதும், கீழேயுள்ள வயலுக்கு அடித்துச் செல்லப்படுவதும் அமையும். இதன் காரணத்தை அறிய, புல் தன் உணவை ஆக்கிக்கொள்ளும் முறையை முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

இலை உணவு ஆக்கும் முறை

பச்சை இலை சூரிய ஒளியின் வலுவைக் கொண்டு, வேர் உறிஞ்சிய நீரையும் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டையும் சேர்த்து வெல்லமாக்குகின்றது. இதுவே ஒளித்தொகுப்பாகும். காபனீரொட்சைட்டு இலையிலுள்ள நுண்ணிய இலைவாய்களின் வழியே உட்செல்லும். அதே வாய்களின் வழியே நீராவி வெளியேறும். எனவே, செடி உணவு தேட வாயைத் திறக்குந்தோறும் நீரை இழக்கின்றது.

வறட்சியில் நெல், தேயிலை, உருளைக்கிழங்கு, கோவா ஆகியவை நீரைக் காக்க இலைவாய்களை ஒடுக்கும். உடனே உள்ளே காபனீரொட்சைட்டுக் குறையும். அதற்குப் பதிலாக ஒட்சிசனைப் பற்றிக்கொண்டு, ஆக்கிய உணவில் ஒரு பங்கை இலை வீணாக்கும். வெயில் ஏற ஏற இவ்விழப்பும் ஏறும்.

கினிப்புல், நேப்பியர், மானாப்புல், குவாத்தமாலாப் புல், வெட்டிவேர் ஆகியவற்றின் முறை வேறு. இவற்றின் இலையில் வெளிப்புறக் கலங்கள் காபனீரொட்சைட்டைப் பற்றி, நான்கு காபன் அணுக்களைக் கொண்ட அமிலமாக்கி, நரம்பைச் சூழ்ந்த உட்கலங்களுக்கு அனுப்பும். அங்கே அது செறிந்து நிற்பதால், இலைவாய் ஒடுங்கியிருந்தாலும் வேலை தடைப்படுவதில்லை. இம்முறை கரும்பிலே கண்டறியப்பட்டது. அவாய்த் தீவு ஆராய்ச்சியாளர் 1965 இல் இதன் முதற்படியை வெளியிட்டனர். அவுஸ்திரேலியாவில் ஹச், சிலாக் என்னும் இருவர் 1966 இல் முறையை விளக்கினர். ஒரு கிலோ உலர்பொருளை ஆக்க இவ்வகைப் புற்களுக்கு ஏறக்குறைய 250 முதல் 350 லீற்றர் நீர் போதும். நெல் போன்றவற்றுக்கு 450 லீற்றருக்கு மேல் வேண்டும்.

ஆனால் இப்புற்களுக்குக் குளிர் ஆகாது. வெப்பநிலை 15 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் இவற்றுட் பெரும்பாலானவற்றின் வளர்ச்சி தளரும். ஆதலின், சனவரிக் குளிரில் நேப்பியர் மஞ்சளித்து நிற்பதைக் கண்டு, உரம் போதவில்லை எனக் கொள்ளற்க.

அடித்தூரிலுள்ள சேமிப்பு

நெல்லும் ஒரு புல்லே. எனினும் அது தன் முதல் முழுவதையும் கதிரில் இட்டு மடிகின்றது. பல்லாண்டுப் புல்லோ ஒரு பங்கைத் தண்டின் அடியிலும் வேரிலும் மாப்பொருளாக வைத்துக்கொள்கின்றது. வெட்டியபின் எழும் முதற் குருத்துகள் இந்தச் சேமிப்பினாலேயே வளர்கின்றன. புதிய இலைகள் விரிந்து உழைக்கத் தொடங்கிய பின்னரே சேமிப்பு மீண்டும் நிரம்பும்.

தோட்டத்தில் வேலை செய்வோர் இதனை அறிவர். தேயிலையைக் கவ்வாத்து வெட்டுமுன் வேரைக் கீறி அயடீன் தடவுவது, அங்கே மாப்பொருள் இருப்பதைக் காண்பதற்கே. மாப்பொருள் இருப்பின் வேர் கருநீலமாகும். இல்லையேல் வெட்டைத் தள்ளிப்போடுவர். புல்லுக்கும் இவ்விதியே பொருந்தும்.

வறட்சி தொடங்கும்போது புல்லின் வளர்ச்சியே முதலில் நிற்கும். ஒளித்தொகுப்பு மேலுஞ் சிறிது காலம் நடைபெறும். அவ்வாறு ஆகும் உணவு அடித்தூரிற் சேரும். ஆகவே, வளராது நிற்கும் புல் சோம்பி நிற்கின்றதன்று. மழைக்காக முதல் சேர்த்து நிற்கின்றது. அப்போது அதனை மண்மட்டத்தில் அரிந்தால், இலையும் போய்ச் சேமிப்பும் கரையும். முதல் மழையில் எழ வலுவின்றித் தூர் சாகும்; வரம்பில் இடைவெளி விழும்; அதன் வழியே நீர் மண்ணை அறுக்கும்.

எப்புல்லை எங்கே நடுவது

பாத்தி வரம்புக்குத் தூராக நிற்கும் புல்லே ஏற்றது. தாழ்ந்த, வெப்பமான சரிவுகளில் வெட்டிவேரைச் சமவுயரக் கோட்டில், 4 முதல் 6 அங்குல இடைவெளியில், நெருக்கமான வரிசையாக நடுக. அது படர்ந்து பாத்திக்குள் வராது. வேரோ ஆழமாகச் செல்லும். மானாப்புல்லை மாடு விரும்பாது. ஆனால் வெட்டிப் பரப்பினால் மரக்கறிப் பாத்தியின் ஈரத்தைக் காக்கும். குவாத்தமாலாப் புல் உயர்ந்து நிழல் தருவதால் பாத்திக்கு அண்மையில் வேண்டாம். பாதை ஓரத்தில் நடலாம். கிக்கியூப் புல் குளிரைத் தாங்கும். எனினும் ஓடிப் படருமாதலால் மேய்ச்சல் நிலத்துக்கே உரியது.

மேல்மண் அரிப்பையே புல் வரிசை தடுக்கும். 2007 சனவரியில் வலப்பனைப் பகுதியில் நிகழ்ந்தது போன்ற மண்சரிவை அது தடுக்காது. சரிவில் வெடிப்பைக் கண்டால் தாமதியாது இடம்பெயர்ந்து, அதிகாரிகளுக்கு அறிவித்தல் வேண்டும்.

நினைவிற் கொள்க

1. மழைக்காலத்தில் அரைச்சாண் உயரத்துக்கும், வறண்ட காலத்தில் ஒரு சாண் உயரத்துக்கும் குறையாமல் அடித்தூரை விட்டு வெட்டுக.

2. வறட்சியில் முழு வரிசையையும் ஒரே நாளில் வெட்டாது, ஒன்றுவிட்டு ஒரு தூராக வெட்டுக.

3. மழைக்காலத்தில் மிகும் புல்லைக் குழியிற் காற்றுப் புகாது அமுக்கி மூடி வைப்பின், ஓகத்து மாதத்தில் மாட்டுக்குத் தீனியாகும்.

4. முதல் மழைக்குப்பின் புதிய இலைகள் நன்கு விரியும்வரை பொறுத்திருங்கள். யூரியா இட்டு வறட்சியில் வாடிய புல்லை, மழை பெய்த சில நாள்களுக்குள் மாட்டுக்குக் கொடுக்கற்க. நைத்திரேற்று மிகுந்து நஞ்சாகக்கூடும்.

5. புல்லுக்குத் தீ வைக்காதீர்கள். தூர் பிழைப்பினும், மழை வரும்போது மண் மூடியின்றிக் கிடக்கும்.

ஒரு பிடி தீனியை அடித்தூரில் விட்டுவைப்பது இழப்பன்று. மழை வரும்போது அதுவே உங்கள் மண்ணைக் காக்கும் முதலாகும்.