முன்கூட்டிக் கட்டும் சாப்பாட்டுப் பணம் லாபமா?

வட்டிக் கணக்கு போட்டுப் பழகிய நாம், இந்த மாதம் ஒரு சாப்பாட்டுக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

அமெரிக்காவில், ஃபுளோரிடாவில் 1971ல் திறந்த வால்ட் டிஸ்னி வேர்ல்டு என்ற பெரிய கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. அதன் விடுதிகளில் தங்குபவர்கள் சாப்பாட்டுக்கும் முன்கூட்டியே பணம் கட்டலாம். 2024ல் பெரியவருக்கு ஓர் இரவுக்குச் சுமார் 94 டாலர். அதற்கு உட்கார்ந்து சாப்பிட ஒரு டோக்கன், வாங்கிச் சாப்பிட ஒரு உணவு, ஒரு நொறுக்குத்தீனி, பானம் நிரப்பிக்கொள்ளக் குவளை.

ஆனால் உயர்தர உணவகத்துக்குப் போனால் இரண்டு டோக்கன் கழிச்சிடுவாங்க. சிண்ட்ரெல்லா கோட்டை உணவகமும் அப்படித்தான்.

கணக்கு இதோ. வாங்கும் உணவு 20, தீனி 7, குவளை 5 என்று வைத்துக்கொள்வோம். 94ல் 32 போக மீதி 62. ஒரு டோக்கனின் விலை இதுதான். இரண்டு டோக்கன் 124. அந்த உணவகத்தில் பில் 95 என்றால் 29 டாலர் நஷ்டம். டிப்ஸ் தனி. நான்கு இரவு தங்கினால் டோக்கன் நான்குதான். இரண்டு பெரிய விருந்திலேயே தீர்ந்துடும். மீந்தால், கிளம்பும் நாள் நள்ளிரவோடு காலாவதி. பணம் திரும்ப வராது.

அப்புறம் ஏன் கட்டுறாங்க? கட்டின பணம் கண்ணுக்குத் தெரியாது. சாப்பிடும்போது இலவசம் மாதிரி தோணும். பில் 124ஐத் தாண்டினால் மட்டுமே லாபம்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்: சீட்டோ, சுற்றுலாவோ, முன்பணம் கட்டும் முன் நாம் கேட்க வேண்டியவை மூன்று. தனித்தனியா வாங்கினா எவ்வளவு? எல்லாத்தையும் பயன்படுத்துவோமா? மீந்தா திரும்ப வருமா?