பாட்டியின் கன்னமும் பரிசோதனைக்கூடமும்



கோலசிலாங்கூர் வட்டாரத்தில் பல் மருத்துவராகப் பணியேற்றிருக்கிறாய். வாயில் தோன்றும் புற்றுநோய்க்கு முந்தைய படலங்களில் ஹெச்பிவி (மனிதப் பாப்பிலோமா) வைரஸ் இருக்கிறதா என்று ஆராய விரும்புகிறாய். நல்ல விருப்பம். ஆனால் ஈஜோக், புக்கிட் ரோத்தான் தோட்டப்புறங்களில் உன்னிடம் வாயைத் திறந்து காட்டப்போகிறவர்களில் வெற்றிலை போடும் பாட்டிகள் இருப்பார்கள். அவர்களை மனத்தில் வைத்தே ஆய்வைத் தொடங்கு.

மலேசியாவின் 1993–94 தேசிய வாய்நோய் ஆய்வில் இத்தகைய படலங்கள் இந்தியர்களிடம்தான் மிக அதிகம்: 4 விழுக்காடு. சீனர்களிடம் 0.5. புகையிலை சேராத வெற்றிலைபாக்கும் புற்றுநோய் தரும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அறிக்கை வெளியிட்டது. ஹெச்பிவி 16 என்னும் வகை பெரிதும் தாக்குவது தொண்டைச் சதையையும் அடிநாக்கையும். பாக்கு அடக்கும் கன்னத்தில் அதன் பங்கு சிறிது.

ஆகவே ஒவ்வொரு சோதனையும் எதைச் சொல்கிறது என்று தெரிந்துகொள். பிசிஆர் என்னும் மரபணுப் பெருக்கச் சோதனை மிகச் சில வைரஸ்களையும் காட்டிவிடும்; அவைதான் நோய்க்குக் காரணம் என்று அது சொல்லாது. வைரஸின் இ6, இ7 மரபணுக்களின் ஆர்என்ஏ கிடைத்தால்தான் வைரஸ் வேலை செய்கிறது என்று பொருள். அவற்றின் புரதங்களே பி53, ஆர்பி என்னும் காவல் புரதங்களை முடக்குகின்றன. பி16 புரதச் சாயச் சோதனை தொண்டையில் நம்பத்தக்கது, கன்னத்தில் அப்படியல்ல. ஃபார்மலினில் கிடந்த திசுவில் டிஎன்ஏ துண்டாகியிருக்கும். அதில் நோயாளியின் பீட்டா-குளோபின் மரபணுவாவது கிடைக்கிறதா என்று பார்க்காமல் 'வைரஸ் இல்லை' என்று எழுதாதே.

அந்த முடிவைப் பாட்டியிடம் சொல்லும்போது இன்னும் கவனம் வேண்டும். 'கிருமி இல்லை' என்றால் 'நோயே இல்லை' என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். வைரஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருக்குப் பயாப்சி வேண்டும். சிவந்த இடத்திலும் தடித்த இடத்திலும் திசு எடு. செல் மாற்றத்தின் அளவைப் பார்த்து அடுத்த சிகிச்சையை முடிவுசெய். வாய் எவ்வளவு திறக்கிறது என்று ஒவ்வொரு முறையும் அளந்து எழுதிவை. மறுமுறை வரும் நாளை அவருடைய பிள்ளைகளிடமும் சொல்லிவிடு. தோட்டத்திலிருந்து கிளினிக்குக்கு அவரை அழைத்துவர வேண்டியவர்கள் அவர்கள்தான்.

உன் ஆய்வேட்டில் வைரஸ் முடிவுக்குப் பக்கத்திலேயே பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு, எத்தனை ஆண்டுப் பழக்கம், எந்தக் கன்னத்தில் அடக்குகிறார் என்பதையும் பதிவு செய். அந்தப் பதிவு இல்லாமல் வைரஸின் பங்கை உன்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அது இருந்தால், நம் தோட்ட மக்களைப் பற்றி நீ எழுதும் முடிவை யாரும் தள்ளிவிட முடியாது.

அன்புடன்,
உன் மூத்த சக மருத்துவர்