முதுகு காட்டிய பூ

திருச்செந்தூர்

அன்புள்ள மருமகளே,

உன் கடிதம் கிடைத்தது. குற்றாலச் சாரலில் நனைந்துவிட்டுத் திரும்பும் வழியில் சுந்தரபாண்டியபுரத்தில் இறங்கினோமே, அன்று மாலை சூரியகாந்தி வயல் மொத்தமும் நமக்கு முதுகு காட்டி நின்றது. மேற்கே சூரியன் இருக்க, ஒரு பூகூட அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பாடப்புத்தகம் பொய் சொல்கிறதா என்று கேட்டிருக்கிறாய். பொய் இல்லை, பாதியில் நிறுத்திவிட்டது.

சூரியனோடு திரும்புவது விரிந்த பூ அல்ல, இளஞ்செடியும் மொட்டும்தான். பகலில் தண்டின் கிழக்குப் பக்கம் கூடுதலாக வளரும், தலை மேற்கே சாயும். இரவில் மேற்குப் பக்கம் வளர்ந்து, விடிவதற்குள் தலையைக் கிழக்கே கொண்டுவந்துவிடும். சூரியன் வருமுன்பே திரும்பிக் காத்திருக்கிறதே, எனக்கு வியப்பு அதில்தான். பூ விரிந்து முற்றும்போது தண்டின் வளர்ச்சி ஓய்ந்து, முகம் கிழக்கிலேயே நிலைத்துவிடும். நம் செந்திலாண்டவர் கடலைப் பார்த்து நிற்கும் அதே திசை.

ஏன் கிழக்கு? கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் சில தொட்டிச் செடிகளை மேற்கே திருப்பி வைத்துப் பார்த்தார்கள். காலையில் கிழக்கு பார்த்த பூக்களுக்குத் தேனீ போன்ற பூச்சிகள் ஐந்து மடங்கு அதிகம் வந்தன. இளவெயிலில் அவை சீக்கிரம் சூடேறுவது ஒரு காரணம். மேற்கு பார்த்த பூக்களை ஹீட்டர் வைத்துச் சூடாக்கியதும் அங்கும் வரவு கூடியது! 2016இல் வெளியான ஆய்வு இது.

விதை நன்றாகப் பிடிக்கத் தேனீ வேண்டும். நாம் ஒரு பூ என்பது உண்மையில் ஒரு கூட்டம். ஓரத்து மஞ்சள் இதழ் ஒவ்வொன்றும் ஒரு தனிப்பூ, ஆனால் மலடு. நடுவட்டத்தில் இருக்கும் நூற்றுக்கணக்கான பொடிப் பூக்களே விதையாகும். அவை முற்றும் சமயம் கிளிகள் வந்திறங்கும். விரட்ட ஆள் போட வேண்டும். எண்ணெய் போக மிஞ்சிய பிண்ணாக்கு மாட்டுக்கு.

வட அமெரிக்காவில் பிறந்து, ரஷ்யாவில் எண்ணெய்ப் பயிராகி, 1969 வாக்கில் ரஷ்ய ரகங்களாக நம் நாட்டு வயலுக்கு வந்த செடி இது. இன்றும் நாம் வாங்கும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பங்கு கப்பலில் வருவதுதான். 2022இல் உக்ரைனில் போர் மூண்டபோது உன் அம்மா விலை சொல்லிப் புலம்பினாள், நினைவிருக்கிறதா?

இப்படி வெளியிலிருந்து வந்த செடி என்பதால், சங்கப் பாட்டில் சூரியகாந்தியைத் தேடாதே. அங்கே சூரியனை எதிர்கொள்வது நெருஞ்சி. புறநானூறு 155ஆம் பாட்டில் மோசிகீரனார், பாழூரில் பூத்த நெருஞ்சி எழுகதிரைப் பார்ப்பதுபோல, வறிய புலவர்களின் உண்கலங்கள் கொண்கானங்கிழானின் மார்பை நோக்கி மலர்ந்தன என்கிறார். பசித்த பாத்திரத்தைப் பூவாகப் பார்த்த கண்ணை என்னவென்று சொல்ல!

உங்கள் தெருக் காலிமனையிலும் நெருஞ்சி படர்ந்திருக்கும். காலையில் போய், அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று எழுது. செருப்புப் போட்டுக்கொண்டு போ. அதன் முள் பொல்லாதது.

அன்புடன்,
மாமா