12 வோல்ட் பேட்டரியைக் கழற்றினால் போதுமா?

கேள்வி: டொயோட்டா பிரியஸ் ஹைபிரிட் காரில் கைவைக்கும் முன் 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுகிறார்கள். உயர் மின்னழுத்தம் அதோடு நின்றுவிடுமா?

பதில்: நின்றுவிடாது. மூன்றாம் தலைமுறை பிரியஸின் பின்பக்கம் 7.2 வோல்ட் மாட்யூல்கள் 28 தொடராக இணைந்து 201.6 வோல்ட் தருகின்றன. மோட்டாருக்காக இன்வெர்ட்டர் அதை 650 வோல்ட் வரை ஏற்றுகிறது. நேர்மின்னோட்டத்தில் 60 வோல்ட்டைத் தாண்டினாலே வாகனத் துறையில் அது உயர் அழுத்தம். ஆரஞ்சு நிற கேபிள்கள் அனைத்தும் இந்த அழுத்தத்தைச் சுமப்பவை.

முதல் ஆபத்து காரின் அமைதிதான். இன்ஜின் ஓடாமலே ‘ரெடி’ விளக்கு எரியலாம். அப்போது கார் எந்த நொடியும் நகரும். ஆகவே பார்க்கிங்கில் போட்டு, பவர் பட்டனை அழுத்தி, அந்த விளக்கு அணைந்ததைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஸ்மார்ட் சாவியைக் காரிலிருந்து 5 மீட்டருக்கு அப்பால் வைக்க வேண்டும். சட்டைப்பையில் இருந்தால் யாராவது பட்டனைத் தொட்டாலே கார் விழித்துக்கொள்ளும்.

பிறகுதான் நெகட்டிவ் வயர். இந்த 12 வோல்ட்தான் பெரிய பேட்டரியின் ரிலேக்களை மூடி வைத்திருக்கிறது; அது போனால் ரிலேக்கள் திறந்து இணைப்பு அறுபடும். ஆனால் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டிருந்தால் வெளியிலிருந்து தெரியாது. மாட்யூல் தொடரைக் கையால் துண்டிக்கும் சர்வீஸ் பிளக் இருப்பது அதனால்தான். அந்தப் பிளக்கை எட்டும் வழியான பின்கதவு மின்சாரத்தால் திறப்பது என்பதால், வயரைக் கழற்றும் முன்பே அதைத் திறந்து வைத்துக்கொள்வது நல்லது.

பிளக்கைத் தொட 1000 வோல்ட் தாங்கும் ‘கிளாஸ் 0’ ரப்பர் கையுறை கட்டாயம். மோதிரம், வாட்ச் இரண்டையும் கழற்றிவிட வேண்டும். கையுறையின் வாய்ப்பகுதியைச் சுருட்டிக் காற்றை விரல்களுக்குள் தள்ளிப் பிடித்தால் விரல்கள் உப்பி நிற்க வேண்டும். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் காற்று இறங்கிவிடும். அந்தக் கையுறை உதவாது. சாமான் அறையின் தரைப்பலகைக்கு அடியில், பேட்டரிப் பெட்டியில் இருக்கும் ஆரஞ்சுப் பிடியை விடுவித்து இழுத்தால் மாட்யூல் தொடர் நடுவில் துண்டாகும். கழற்றிய பிளக், வேலை செய்பவரின் பையிலேயே இருக்க வேண்டும். வேறொருவர் அறியாமல் திரும்பச் செருகிவிட அப்போது வழியில்லை.

இத்தனைக்குப் பிறகும் இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்களில் மின்னேற்றம் தங்கியிருக்கும். அது வடிய 10 நிமிடம் காத்திருக்க வேண்டும். அவசரக்காரர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இந்தப் படியைத்தான்.

காத்திருந்தாயிற்று என்பதற்காக மின்சாரம் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. கையுறையோடு இன்வெர்ட்டரின் முனைகளை மல்டிமீட்டரால் அளந்து, 0 வோல்ட் என்று பார்க்க வேண்டும். பழுதான மீட்டரும் 0 காட்டும் என்பதால், அளப்பதற்கு முன்னும் பின்னும் நல்ல 12 வோல்ட் பேட்டரியில் வைத்து அதைச் சோதிப்பது அவசியம். அளவு பூஜ்ஜியத்துக்கு வரும்வரை எந்த ஆரஞ்சு கேபிளையும் கழற்றக் கூடாது.

இவ்வளவும் செய்து அணைப்பது பேட்டரிக்கு வெளியே உள்ள மின்சுற்றை மட்டுமே. பிளக்கை இழுத்த பின்பும் பெட்டிக்குள் மாட்யூல்கள் மின்னேற்றத்தோடுதான் இருக்கும். அவற்றை அணைக்க எந்தச் சுவிட்சும் கிடையாது. உயர் மின்னழுத்தப் பயிற்சி இல்லாதவர்கள் பேட்டரிப் பெட்டியின் மூடியைத் திறக்கவே கூடாது.