கணினியின் தலையில் களிமண் ஏறலாமா?

வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பீங்கான் தொழிற்பேட்டையில் சிறியதொரு பட்டறை வைத்திருக்கிறேன். ஃப்யூஸ் கேரியர், அகல் விளக்கு, பொம்மை ஆகியவை செய்கிறோம். சூளைக் கொட்டகைக்கு அடுத்த அறையில் கணக்குக்காக ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. டேலி, ஜி.எஸ்.டி., கடிதங்கள், அச்சுகளுக்கான சில வரைபடங்கள், இவ்வளவுதான் அதன் வேலை. பகல் பதினொரு மணி ஆனதும் அது மாவு மில்லைப் போல இரைய ஆரம்பிக்கிறது. சித்திரை, வைகாசியில் தானே அணைந்தும் போகிறது. கல்லூரியில் படிக்கும் என் மகன், ஆறு விசிறியும் நீர்க்குளிர்ச்சியும் வைத்த பெரிய கேபினெட்டாக வாங்கிவிடலாம் என்கிறான். சப்தம், சூடு, கரண்ட் செலவு மூன்றும் குறைந்த கம்ப்யூட்டர் ஒன்றை அசெம்பிள் செய்ய வழி சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், விருத்தாசலம்

பதில்: தலைவலி என்று சொல்லிக்கொண்டு வருகிற நோயாளியிடம் வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்வது போல, இரைச்சலைப் பற்றிக் கேட்ட தங்களிடம் நான் முதலில் மின்சாரத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்பதற்காகத் தாங்கள் பொறுத்தருள வேண்டும். விசிறி இரைவது உள்ளே உஷ்ணம் மிகுந்ததால். உஷ்ணம் மிகுவது பெட்டி மின்சாரத்தை மிகுதியாகக் குடிப்பதால். ஆகவே நிசப்தத்தைத் தேடிப் புறப்படுகிறவர் விசிறிக் கடைக்குப் போவதற்கு முன்னால் மின்மானியின் எதிரில் சற்று நேரம் நின்று ஆலோசிப்பது நலம்.

தண்ணீர் இறைக்கும் மோட்டார் தான் பெற்ற சக்தியில் ஒரு பகுதியைத் தண்ணீரை மேலே தூக்குவதில் செலவிடுகிறது. கணினியோ எதையும் தூக்குவதில்லை, இழுப்பதில்லை. அது கூட்டிக் கழித்துத் தரும் விடைகளுக்கு எடை கிடையாது. எனவே சுவரிலிருந்து அது வாங்கும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் அறையின் உஷ்ணமாகவே முடிகிறது. 120 வாட் வாங்கும் பெட்டி, கணக்கும் போடத் தெரிந்த 120 வாட் அடுப்பே என்று சொன்னால் அது மிகையாகாது. தங்கள் மகன் விரும்பும் நீர்க்குளிர்ச்சியும் இந்த உஷ்ணத்தில் ஒரு துளியைக்கூட அழிப்பதில்லை. பிராசஸரின் தலையிலிருந்து எடுத்து, பெட்டியின் ஓரத்திலுள்ள ரேடியேட்டருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, அவ்வளவுதான். அங்கும் அதை வெளியேற்ற விசிறிகளே வேண்டும். போதாததற்கு ஒரு பம்பின் முனகலும் சேர்ந்துகொள்கிறது.

நம் ஊர்ச் சீதோஷ்ணத்தையும் இங்கே கருத வேண்டும். எவ்வளவு பெரிய ஹீட்சிங்காக இருந்தாலும், விசிறி எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும், பிராசஸரை அறைக் காற்றின் உஷ்ணநிலைக்குக் கீழே கொண்டுபோக அவற்றால் முடியாது. வெளிநாட்டுப் பரிசோதகர்கள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி வரையுள்ள அறையில் அமர்ந்து அளக்கிறார்கள். அங்கே 70 டிகிரி காட்டிய பிராசஸர், கத்திரி வெயிலில் 40 டிகிரி கொதிக்கும் தங்கள் அறையில், அதே வேலையைச் செய்யும்போது 85 டிகிரிக்கு மேல் காட்டும். பிராசஸர்கள் பெரும்பாலும் 95, 100 டிகிரியை ஒட்டித் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும்; அதற்கும் அடங்காவிட்டால் தம்மைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். தங்கள் கணினி வைகாசியில் செய்வது இதுவே. அது பழுதன்று, தற்காப்பு.

இனிப் பரிகாரத்திற்கு வருவோம். தாங்கள் எழுதியிருக்கும் வேலைகளுக்குத் தனிக் கிராபிக்ஸ் கார்டு வேண்டியதேயில்லை. அதை விலக்கினாலே அதன் உஷ்ணமும் அதன் விசிறிகளும் தொலைந்தன. பிராசஸரைப் பொறுத்தவரை, 2023-இல் வெளிவந்த இன்டெல் என்100 போன்ற சிறிய ஜாதி ஒன்றே போதும். நான்கு கோர்கள் உள்ள அதற்குத் தயாரிப்பாளர் குறித்திருக்கும் அளவு 6 வாட். பெட்டி செய்கிறவர்கள் இந்த வரம்பைச் சற்று உயர்த்தி வைப்பதுண்டு. ஆயினும் ரேம், எஸ்.எஸ்.டி. எல்லாம் சேர்ந்து வேலை நேரத்தில் 20 வாட்டை ஒட்டியே நிற்கும். நாள் ஒன்றுக்கு எட்டு மணி வீதம் விடுமுறையின்றி அறுபது நாள் ஓடுவதாக வைத்துக்கொண்டால், 120 வாட் பெட்டி கிட்டத்தட்ட 58 யூனிட்டையும் 20 வாட் பெட்டி 10 யூனிட்டுக்கும் குறைவாகவும் செலவிடும். பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட் அளவு வாங்குவதால், தாங்கள் காற்று வாங்கும் செலவில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவாகவே கணக்கு எழுதிவிடலாம்.

மகனுடைய படிப்புக்கு அதிகத் திறன் அவசியமானால், கிராபிக்ஸும் உள்ளடங்கிய ரைசன் 5600ஜி போன்ற 65 வாட் பிராசஸரை அவருக்கென்று வீட்டில் வைத்து, அதன் பயாஸில் 45 வாட் வரம்பைத் தேர்ந்தெடுங்கள். இதில் ஒரு சூக்ஷ்மம் உண்டு. பிராசஸர் செலவிடும் சக்தி அதன் வேகத்தின் அளவிலும், மின்னழுத்தத்தின் வர்க்க அளவிலும் கூடிக் குறைகிறது. வேகத்தைத் தொடாமல் அழுத்தத்தை மட்டும் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலே சக்தி 19 சதவீதம் குறையும். அழுத்தம் குறைந்தாலும் தடுமாறாத வேகத்திற்கு இறக்கி வைத்தாலோ இரட்டை லாபம். கடைசிச் சிறு வேகத்திற்காகவே பிராசஸர் அதிக மின்சாரத்தை விரயம் செய்கிறது; அந்த வேகத்தை விட்டுக்கொடுத்தவருக்கு அது இல்லாதது தெரியவும் தெரியாது.

வீட்டுப் பெட்டிக்கு விசிறி வைக்கும்போது 120 அல்லது 140 மில்லிமீட்டர் அகலமுள்ளதாக வாங்கி மெதுவாகச் சுழல விடுங்கள். சிறு மட்டையைப் படபடவென்று அடிப்பதைவிடப் பெரிய பனையோலை விசிறியை நிதானமாக அசைப்பதில் காற்றும் அதிகம், கைவலியும் குறைவு என்பதை நம் பாட்டிமார் அறிந்திருந்தார்கள். விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும். அது இழுக்கும் சக்தியோ எட்டில் ஒரு பங்காகிவிடும். சப்தமும் ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும். ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. வைத்தால், நிமிடத்திற்கு 7,200 தடவை சுழலும் தட்டு ஒன்றின் ரீங்காரமும், அது கேபினெட்டின் தகட்டை உலுக்கும் அதிர்வும் நின்றுபோகும்.

பட்டறை அறைக்கு மட்டும் என் யோசனை வேறு. அங்கே விசிறியே இல்லாத பெட்டியைத்தான் வைக்க வேண்டும். காரணத்தை மூன்றாவது கேள்விக்கான பதிலில் காண்க.

கேள்வி: எதற்கும் இருக்கட்டும் என்று 750 வாட் எஸ்.எம்.பி.எஸ். போடச் சொல்கிறார் கடைக்காரர். பெரிது போட்டால் கரண்ட் அதிகம் ஆகுமா?
– ஒரு வாசகர், நெய்வேலி

பதில்: 750 என்பது அந்தச் சாதனம் கொடுக்கவல்ல உச்ச அளவேயன்றி, அது எப்போதும் வாங்கும் அளவன்று. அண்டா பெரிதாக இருப்பதாலேயே சோறு அதிகம் பொங்கிவிடாது. ஆனால் கைப்பிடி அரிசியை அண்டாவில் வடிப்பவர் விறகை வீணாக்குகிறார் என்பதும் மெய்.

மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக மாற்றும்போது எஸ்.எம்.பி.எஸ். ஒரு பகுதியை உஷ்ணமாகத் தானே எடுத்துக்கொள்கிறது. 2004-இல் தொடங்கிய 80 பிளஸ் தரமுத்திரையின் ஆதி நியதி, 20, 50, 100 சதவீதச் சுமைகளில் குறைந்தது 80 சதவீதத் திறன் இருக்க வேண்டும் என்பதே. பிரான்ஸ் (வெண்கலம்), கோல்டு (தங்கம்) என்று படி உயர உயர விரயம் குறையும். இந்தப் படிகளில் பெரும்பாலானவை 20 சதவீதச் சுமையிலிருந்தே கணக்கை ஆரம்பிக்கின்றன என்பதைக் கவனியுங்கள். 750-இல் 20 சதவீதம் 150 வாட். தங்கள் கணினியோ பகல் முழுவதும் 40 வாட்டில் ஓடக்கூடும். அந்தத் தாழ்ந்த சுமையில் திறன் எவ்வளவு என்று முத்திரை உறுதி கூறுவதில்லை. பொதுவாக அங்கே அது சரிந்துவிடும்.

கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினிக்கு 300 முதல் 450 வாட் வரையில், முத்திரை பெற்ற எஸ்.எம்.பி.எஸ். போதும். என்100 போன்ற சிறிய பெட்டியாயின் லேப்டாப்புக்கு இருப்பது போன்ற வெளி அடாப்டரே வரும். அந்தச் சிறு உஷ்ணமும் பெட்டிக்கு வெளியிலேயே தங்கிவிடும். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் உள்ளூரில் வாங்கினாலும், முத்திரை இல்லாமல் மலிவாகக் கிடைப்பதை எடுத்து மற்ற உறுப்புகளைப் பணயம் வைக்காதீர்கள்.

நெய்வேலிவாசியாகிய தங்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தங்கள் ஊர்ச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்காக அகற்றப்படும் மேல்மண்ணில் கிடைக்கும் வெண்களிமண் விருத்தாசலத்தில் பீங்கானாகிறது. அடியிலுள்ள நிலக்கரி அனல்மின் நிலையத்தில் மின்சாரமாகிறது. ஆகவே கணினியில் மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் எங்கோ கண்காணாத தேசத்தில் மிச்சமாவதாக எண்ண வேண்டாம்.

கேள்வி: விசிறியே இல்லாத கம்ப்யூட்டர் நம் ஊர் வெயிலைத் தாங்குமா?
– ஒரு வாசகி, பெண்ணாடம்

பதில்: சிறிய பிராசஸராக இருந்தால் தாராளமாகத் தாங்கும். விசிறியற்ற பெட்டியில் கேபினெட்டே ஹீட்சிங்காக அமைந்திருக்கும். அதன் மேல் ஓடும் அலுமினியத் தகடுகளைத் தொட்டுச் சூடான காற்று லேசாகி மேலே எழ, அடியிலிருந்து புதுக் காற்று வந்து சேரும். இந்த மெல்லிய ஓட்டத்திற்கு இடையூறு செய்யாதிருப்பதே நம் கடமை. பெட்டியை மர அலமாரிக்குள் பூட்டி வைப்பது, மேலே பில் புத்தகங்களை அடுக்குவது, சூளைப் பக்கத்துச் சுவரில் மாட்டுவது ஆகிய மூன்றும் கூடாது. தகடுகள் செங்குத்தாக நிற்கும்படி, எதிர்ச்சுவரில், நாற்புறமும் ஒரு சாண் இடம் விட்டு மாட்டுங்கள்.

பெரிய பிராசஸருக்கும் விசிறியற்ற ஹீட்சிங்குகள் உண்டு. ஆஸ்திரிய நாட்டு நாக்டுவா நிறுவனம் 2021-இல் என்ஹெச்-பி1 என்ற ஒன்றை வெளியிட்டது. ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள அதன் தகடுகள் அகலமான இடைவெளியுடன் நிற்கும். ஆனால் 40 டிகிரி அறையில் அதனிடம் அதிகம் எதிர்பார்ப்பது நியாயமன்று. 65 வாட் ஜாதிக்கு மெதுவாகச் சுழலும் ஒற்றை விசிறியே விவேகம். குறைந்த சக்தியில் மேஜைக் கணினி என்னும் எண்ணம் நமக்குப் புதிதன்று. சென்னையைச் சேர்ந்த நோவேட்டியம் நிறுவனம் 2000-களிலேயே நோவா நெட்பிசி என்ற, ஹார்டு டிஸ்க் இல்லாத சிறு பெட்டியைச் செய்து, கனமான வேலைகளைத் தூரத்திலுள்ள சர்வரிடம் ஒப்படைத்தது.

இனி, விருத்தாசலம் வாசகருக்குச் சொல்ல வேண்டியிருந்த காரணம். பீங்கான் பட்டறை ஒன்றின் கணக்கு அறையிலிருந்து வந்த கேபினெட்டை ஒருமுறை நான் திறந்து பார்த்தேன். விசிறியின் ஒவ்வோர் இதழிலும் முன்விளிம்பில் வெண்மையாக ஒரு கரை கட்டியிருந்தது. விசிறியைக் கழற்றியபோது அதன் அடியிலிருந்த ஹீட்சிங்கின் தகடுகளுக்கிடையே சந்து என்பதே இல்லை. நெற்றியில் பூசிய விபூதிப் பட்டை போல ஒரே சமமான பரப்பு. விரலால் தொட்டால் மாவாக உதிர்ந்தது. அடியில், மழைக்காலத்து ஈரம் பட்ட இடத்திலோ ஓடாக இறுகி, மூங்கில் குச்சியால் கீற வேண்டியதாயிற்று. அந்த விசிறி நாள் முழுதும் பெருமுயற்சியோடு சுழன்று, தன் மூச்சுக்குழாயைத் தானே அடைத்துக்கொண்டிருந்தது. உஷ்ணம் ஏற ஏற வேகம் கூடியது; வேகம் கூடக் கூட மண்ணும் அதிகம் வந்து சேர்ந்தது.

களிமண் துகள் மிகமிக நுண்ணியது. விசிறி இருக்கும் வரையில் அது உள்ளே இழுக்கப்பட்டே தீரும். மனிதர் தலையில் களிமண் இருப்பதாகச் சொல்வது வசவு; கணினியின் தலையில் அது ஏறினால் ஆயுள் நஷ்டம். வாயே இல்லாத பெட்டி மண்ணைத் தின்னாது. வாரம் ஒருமுறை அணைத்துவிட்டு, வெளித் தகடுகளை உலர்ந்த தூரிகையால் துடைத்தால் போதும்.

விசிறி உள்ள பெட்டியைத்தான் பயன்படுத்த நேர்ந்தால், உள்ளிழுக்கும் விசிறிகள் வெளித்தள்ளுவதைவிடச் சற்று அதிகமாக இருக்கட்டும். இழுக்கும் வாயில்களில் எல்லாம் கழுவக்கூடிய வடிகட்டி வையுங்கள். காற்று அந்த வழியாக மட்டுமே புகும், சந்துபொந்துகளின் வழியே புகாது. ப்ளோயரால் ஊதும்போது விசிறியின் இதழை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வெறும் காற்றின் வேகத்தில் அது கட்டுமீறிச் சுழன்றால் பேரிங் கெடும். ஈரத்துணி மட்டும் வேண்டவே வேண்டாம். களிமண்ணும் தண்ணீரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் விருத்தாசலத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: பீங்கான் தொழில்நுட்பம் படிக்கிறேன். நான் படிப்பதற்கும் கம்ப்யூட்டருக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?
– ஒரு மாணவர், விருத்தாசலம்

பதில்: நெருங்கிய சம்பந்தமே உண்டு. மதர்போர்டில் எள்ளைப் போலவும் அரிசியைப் போலவும் இறைந்து கிடக்கும் பழுப்பு நிறத் துணுக்குகளில் பெரும்பாலானவை செராமிக் கபாசிட்டர்கள். பேரியம் டைட்டனேட் என்னும் பீங்கான் பொருளை மெல்லிய ஏடுகளாக்கி, இடையிடையே உலோகம் வைத்து அடுக்கி, சூளையில் சுட்டு எடுக்கப்பட்டவை அவை. பிராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட் பலவற்றில், தாங்கள் வகுப்பில் பார்க்கும் அலுமினாவின் நுண்பொடியே கலந்திருக்கிறது. இரு பரப்புகளுக்கும் இடையே சிக்கிய காற்றை வெளியேற்றி, உஷ்ணம் கடந்துபோக அது பாலமாகிறது. இன்டெல் 1989-இல் வெளியிட்ட 486 பிராசஸர் பீங்கான் உறைக்குள்தான் வந்தது.

சாதாரணப் பீங்கானைவிட அலுமினா பத்து மடங்குக்கு மேல் நன்றாக உஷ்ணத்தைக் கடத்தும். அலுமினியம் நைட்ரைடோ ஏறக்குறைய அலுமினிய உலோகத்துக்கு நிகராகக் கடத்தும், அதே சமயம் மின்சாரத்தைக் கடத்தாது. மின்சாரத்தை மறித்து உஷ்ணத்திற்கு மட்டும் வழிவிடும் இந்தக் குணத்தினால்தான் சக்தி மிகுந்த மின்னணுச் சாதனங்களின் அடித்தட்டாக அதைப் பயன்படுத்துகிறார்கள். உஷ்ணத்தை உள்ளேயே தேக்கி வைக்கும் சூளைக்கல்லும், அதைக் கணமும் தங்கவிடாத இந்தத் தட்டும் ஒரே பாடத்தின் இரு அத்தியாயங்கள்.

கழித்துக் கட்டிய எஸ்.எம்.பி.எஸ். ஒன்று கிடைத்தால், ஆசிரியரை உடன் வைத்துக்கொண்டு திறந்து பாருங்கள். சுவரிலிருந்து வரும் ஒயர் போர்டில் இறங்கும் இடத்தின் அருகே ஃப்யூஸ் இருக்கும். சிலவற்றில் அதன் உடல் கண்ணாடி, சிலவற்றில் வெண்பீங்கான். தங்கள் ஊர்ப் பட்டறைகளில் அச்சிலிருந்து எடுத்து வரிசையாகக் காய வைத்திருக்கும் ஃப்யூஸ் கேரியருக்கு அது சிறிய தம்பி முறை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்குமாதலால், கண்ணால் மட்டும் பாருங்கள், கையை வைக்காதீர்கள்.