சிறைச்சுவரைத் தாண்டிய கலை

நுழையும்முன்
செக்கிழுத்த கைகளால் சிறையிலேயே நூல் எழுதியவர் வ.உ.சிதம்பரனார். கண்ணனூர்ச் சிறையில் அவர் இயற்றிய ‘மெய்யறம்’ 1914இல் வெளிவந்தது. உடலை அடைத்துவைக்கும் அதிகாரத்தால் உள்ளத்தையும் அடைத்துவைக்க இயலுமா? மீண்டுவர வழியே இல்லாத சிறைகளில் மலர்ந்த கலைகளைக் கொண்டு இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

மதிலுக்குள் ஒரு நாடகம்
இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இட்லரின் நாசி அரசு ஏறத்தாழ 60 இலட்சம் யூதர்களைக் கொன்றது. போலந்து நாட்டின் வார்சா நகரில் யூதர்களை மதிலுக்குள் அடைத்துப் பட்டினியால் வாட்டியது. அங்கே ஏறக்குறைய 200 குழந்தைகள் வாழ்ந்த ஆதரவற்றோர் இல்லத்தை நடத்தியவர், மருத்துவரும் எழுத்தாளருமான யானுசு கோர்ச்சாக். 1942 சூலை 18 அன்று அக்குழந்தைகள் நாடகமொன்றை நடித்தனர். அது, நம் நாட்டின் இரவீந்திரநாத் தாகூர் வங்கமொழியில் எழுதிய ‘அஞ்சல் நிலையம்’.

நோயுற்ற சிறுவன் அமல் வீட்டைவிட்டு வெளியே செல்லக் கூடாது என்பது வைத்தியர் கட்டளை. அவன் சன்னலோரம் அமர்ந்து, தெருவில் செல்லும் தயிர்க்காரனோடு உரையாடுகிறான். அரசரிடமிருந்து மடல் வருமெனக் காத்திருக்கிறான். இறுதியில் அமைதியாகக் கண்மூடுகிறான். மதிலுக்குள் அடைபட்ட குழந்தைகளுக்கு அமல் அயலான் அல்லன். சாவை அஞ்சாது எதிர்கொள்ள அவர்களைப் பழக்கவே கோர்ச்சாக் இந்நாடகத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பர்.

மூன்று வாரங்களுக்குள் அக்குழந்தைகள் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தாம் மட்டும் தப்பிக்கக் கிடைத்த வாய்ப்புகளை மறுத்த கோர்ச்சாக், அவர்களுடனேயே சென்று உயிர்துறந்தார்.

பெயர் தாங்கிய ஓவியங்கள்
செக் நாட்டின் தெரேசின் முகாமில் குழந்தைகளுக்கு ஓவியம் கற்பித்தவர் பிரீடல் டிக்கர் பிராண்டைசு. ஓவியங்களில் வரைந்தவர் தம் பெயரை எழுதவேண்டும் என அவர் வலியுறுத்தினார். மனிதர்களை எண்களாக்கிய முகாமில், பெயரெழுதுவதே ஓர் எதிர்ப்பாயிற்று. 1944 அக்டோபரில் அவர் ஆசுவிட்சில் கொல்லப்பட்டார். இரு பெட்டிகளில் மறைத்துக் காக்கப்பட்ட ஏறத்தாழ 4,500 ஓவியங்கள் பின்னர்ப் பிராகு நகரின் யூத அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. அம்முகாமில் விக்டர் உல்மான் இயற்றிய இசைநாடகம் ஒத்திகையோடு நின்றுபோனது. 1975இல்தான் ஆம்சுடர்டாமில் அரங்கேறியது.

கலை அவர்களின் உயிரைக் காக்கவில்லை. இவ்வுண்மையை மறைத்துக் கலையைப் போற்றுதல் முறையன்று. ஆயினும், பெயரின்றி அழிக்க நினைத்தோரை வென்று, ஒரு குழந்தையின் பெயர் தாளின் ஓரத்தில் இன்றும் நிற்கிறது. அதைப் படிப்பது நம் கடன்.

சிந்தனை வினா
உயிரைக் காக்க இயலாத கலை, எதைக் காத்தது? பாடப்பகுதி கொண்டு விளக்குக.