கடலோரப் பள்ளிக்கு எந்த ஆய்வுவழி பொருந்தும்?

புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால்மேட்டில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு ஆய்வுவழிப் பாடம் திட்டமிடும் ஆசிரியர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றையும் ஒரே கேள்வியால் உரசிப் பார்க்கலாம்: விடைக்கான சான்றைப் பிள்ளை தானே திரட்டுகிறதா, புத்தகத்தில் இருப்பதை வேறு வடிவில் எழுதிக் காட்டுகிறதா?

முதலாவது, 2000-களின் பிற்பகுதியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பரவிய படைப்பாற்றல் கல்வி. பாடத்தை வாசித்து, மன வரைபடம் வரைந்து, குழுவாகப் பேசித் தொகுப்பார்கள். செலவு கிடையாது, வகுப்பு நேரத்துக்குள் முடிந்துவிடும். சமூக அறிவியலுக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் சான்று புத்தகத்தை விட்டு வெளியே போவதில்லை. இதை மட்டும் செய்துவிட்டு ஆய்வுவழிக் கல்வி என்று சொல்லிக்கொள்வதை என்னால் ஏற்க முடியாது.

இரண்டாவது, பாடத்தையே சோதனைகளாக மாற்றுவது. மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் 1972-ல் 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் திட்டம் இதே வயதுப் பிள்ளைகளுக்கானது. நான்கு நான்கு பேராக உட்கார்ந்து சோதனை செய்தார்கள். பாடநூலில் கேள்விகள் இருந்தன, விடைகள் இல்லை. தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், செய்முறைத் தேர்வும் உண்டு. மாநில அரசு 2002-ல் நிறுத்தும் வரை முப்பது ஆண்டுகள் நடந்தது.

புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம் 2023–24-ல் வந்தபிறகு, பாடத்தை முடிக்க வேண்டிய நெருக்கடி ஆசிரியர்களுக்கு உண்டு. இந்த வழி பாடத்தோடு ஒட்டியே போவதால் அவர்களுக்குக் கைகொடுக்கும். ஆறாம் வகுப்பில் பொருள்களைப் பிரித்தல் பாடம் வருகிறது. ஒரு லிட்டர் கடல்நீரைக் காய்ச்சி வற்றவைத்தால் ஏறக்குறைய 35 கிராம் உப்பு தங்கும். அரசலாற்று முகத்துவாரத்து நீரைக் கோடையில் ஒருமுறையும், வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒருமுறையும் அதேபோல் காய்ச்சச் சொல்லுங்கள். உப்பு ஏன் குறைந்தது என்று பிள்ளைகளே வாதாடுவார்கள். அடுப்பை மட்டும் ஆசிரியர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, ஊர்க் கேள்வி ஒன்றை ஆண்டு முழுக்கத் தொடர்வது. ஊர்க் கேள்வியை எடுத்து ஆராய்வதுதான் 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டின் போக்கும். இந்த ஊருக்கு நான் பரிந்துரைக்கும் கேள்வி: நம் கரை வளர்கிறதா, கரைகிறதா? அசையாத ஒரு கட்டட மூலையிலிருந்து மணல்மேட்டின் விளிம்பு வரை டேப்பால் அளக்க வேண்டும். வாரம் ஒருமுறை, கூடவே அமாவாசை, பௌர்ணமி நாள்களில். அன்று அடித்த காற்று கச்சானா, வாடையா, கொண்டலா என்பதையும் எழுத வேண்டும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அலைகள் மணலை வடக்கே நகர்த்தும், வாடைக் காலத்தில் தெற்கே. ஆண்டுக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம். புதுச்சேரித் துறைமுகத்தில் 1980-களின் இறுதியில் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் இந்த மணலை மறித்ததால்தான் அதற்கு வடக்கே கடற்கரை அரித்துப்போயிற்று. தம் ஊர் அளவுகளை வைத்துக்கொண்டு இதைப் படிக்கும் பிள்ளைக்கு அது வெறும் செய்தியாக இராது.

இதில் சிரமங்கள் உண்டு. நவம்பர் மழையில் அளவுகள் விட்டுப்போகும். யாரும் தண்ணீரில் இறங்கக்கூடாது. இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியை ஆய்வுக் கேள்வியாக வைக்காதீர்கள். அந்தக் காலையைப் பார்த்தவர்கள் இந்தப் பிள்ளைகளின் பெற்றோர். அவர்களாகச் சொல்ல முன்வந்தால் கேட்கலாம், வீட்டுப்பாடமாகக் கேட்டுவரச் சொல்வது கொடுமை.

என் தேர்வு இது: ஆறாம் வகுப்பில் இரண்டாவது வழி, ஏழில் கரையளவு, எட்டில் அந்த அளவுகளை வரைபடமாக்கி முந்தைய ஆண்டோடு ஒப்பிடுவது. ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் திணித்தால் எதுவும் நிற்காது. தேசியக் கல்விக் கொள்கை 2020 சொல்லும் பத்து ‘புத்தகப்பை இல்லா நாள்கள்’ மட்டுமே பாடத்திட்டமாகிவிடாது. அவற்றில் சிலவற்றை ஏப்ரல் 15-ல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விசைப்படகுகள் கரையில் நிற்கும், வலை பின்னுகிறவர்களுக்குப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச நேரம் இருக்கும்.

அறிவியல் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தாலும் நோட்டில் முதலில் தமிழில், வீட்டில் பேசும் சொல்லிலேயே எழுதவிடுங்கள். பாடச்சொல் பிறகு சேரட்டும். உள்மதிப்பீட்டில் அந்த நோட்டுக்கு மதிப்பெண் ஒதுக்குங்கள், அதுவும் ஜூலைக்குள் பெற்றோருக்குத் தெரியும்படி. இல்லாவிட்டால் அரையாண்டுத் தேர்வு நெருங்கியதும் டேப் அலமாரிக்குள் போய்விடும்.